சுவரில் ஒட்டிய பட்டியல் கல்லீரல் நோயாளிக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல மருத்துவமனைகளின் ஐ.சி.யூ. சுவரில், வென்டிலேட்டர் நிமோனியாவைத் தடுப்பதற்கென்று ஐந்து வரிப் பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்து. மயக்க மருந்தைத் தினமும் ஒருமுறை நிறுத்திப் பார். வயிற்றுப் புண் வராமல் மருந்து கொடு. காலில் ரத்தம் உறையாமல் ஊசி போடு. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வைத்து வாயைச் சுத்தம் செய். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நான்கு வரிகளோடு உருவாகி, 2010-இல் கடைசி வரியும் சேர்ந்து, உலகமெங்கும் பரவிய பட்டியல் இது. இதில் கடைசி வரி காலாவதியாகிவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் நிமோனியாவைத் தடுப்பவையே அல்ல. மீதமுள்ள இரண்டையும் கல்லீரல் நோயாளிக்கு அப்படியே செய்தால் பாதிப் பலன்தான். குடியால் கல்லீரல் சுருங்கியவர்கள், கொழுப்புக் கல்லீரல் முற்றியவர்கள், ஹெபடைடிஸ் பி அல்லது சி வைரஸால் பாதிக்கப்பட்டவர்கள், எலி மருந்தின் நஞ்சால் திடீரென்று கல்லீரல் செயலிழந்தவர்கள் என்று நம் ஐ.சி.யூ.க்களில் இந்த நோயாளிகள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று தனிப் பட்டியல் எழுதப்பட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் காரணத்தோடு சொல்கிறோம்.

மூச்சுக்குழாயில் டியூப் போட்டு 48 மணி நேரம் கடந்தபின் வரும் நிமோனியாவைத்தான் இந்தக் கணக்கில் சேர்க்கிறோம். டியூபின் கீழ் நுனிக்கு அருகே கஃப் என்ற சிறிய பலூன் உண்டு. காற்று கசியாமல் அடைப்பது அதன் வேலை. வாயில் ஊறும் எச்சிலும் வயிற்றிலிருந்து எதுக்களித்து வருவதும் அந்தப் பலூனுக்கு மேலே குட்டையாகத் தேங்கி, பலூனின் மடிப்புகள் வழியே சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குள் இறங்கும். விழித்திருப்பவர் இருமி வெளியேற்றிவிடுவார். மயக்கத்தில் கிடப்பவரால் முடியாது.

கல்லீரல் சுருங்கியவருக்கு இந்தச் சொட்டுகளை எதிர்க்கும் வலு முன்பே போய்விட்டிருக்கும். குடலிலிருந்து வரும் கிருமிகளைப் பிடித்து அழிக்கும் செல்கள் கல்லீரலில் உண்டு. ஆனால் சுருங்கிய கல்லீரலுக்குள் நுழைய முடியாத ரத்தம் பக்க வழிகளில் திரும்பிப் போய்விடுகிறது. வெள்ளணுக்கள் இருந்தாலும் கிருமியை விழுங்கிக் கொல்லும் திறன் மங்கியிருக்கும். கிருமியை அடையாளம் காட்டும் புரதங்களைத் தயாரிப்பதும் கல்லீரல்தான் என்பதால் அவையும் குறைவு. தசை கரைந்து இருமல் வலுவிழந்திருக்கும். வயிற்றில் சேர்ந்த நீர் உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் அடிப்பகுதியை நசுக்கும். இதற்கெல்லாம் மேலாக, இவர்களுக்கு டியூப் போடுவதற்கான காரணமே பெரும்பாலும் கல்லீரல் மயக்கமோ (கல்லீரல் அகற்றாமல் விட்ட அமோனியா போன்ற நஞ்சுகள் மூளையை மந்தமாக்குவது) ரத்த வாந்தியோதான். அப்படியானால், டியூப் உள்ளே போவதற்கு முன்பே எச்சிலோ ரத்தமோ நுரையீரலுக்குள் இறங்கியிருக்கக் கூடும்.

முதலில் மயக்க மருந்து. பட்டியலில் இது ஒரே வரி. கல்லீரல் நோயாளிக்கு இதுதான் மையம். மிடசோலம் கல்லீரலில் உடைந்துதான் வெளியேற வேண்டும். கல்லீரல் சுருங்கியவரிடம் அது உடலில் தங்கும் நேரம் இரு மடங்கு வரை நீளும். உடைந்து வரும் துணைப்பொருளும் மயக்கம் தரக்கூடியது. சிறுநீரகமும் சோர்ந்திருந்தால் அதுவும் சேர்ந்துகொண்டே போகும். காலை எட்டு மணிக்கு மருந்தை நிறுத்தி, பத்து மணிக்கு ரவுண்ட்ஸில் கூப்பிட்டுப் பார்த்து, "எழவில்லை, கல்லீரல் மயக்கம் குறையவில்லை" என்று எழுதிவிட்டு மறுபடி மருந்தை ஓடவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எழாமல் இருப்பதற்குக் காரணம் நோயா மருந்தா என்று இரண்டு மணி நேரத்தில் தெரியாது. மிடசோலம் ஓடியவருக்கு ஒரு நாளுக்கு மேலும் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் அதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. டியூபின் வலிக்கு ஃபென்டனில் சிறு அளவில், தேவைப்படும்போது மட்டும். அதற்கு மேல் தேவையென்றால் புரபோஃபோல் அல்லது டெக்ஸ்மெடிடோமிடின். பின்னதும் கல்லீரல் வழியாகவே வெளியேறுவதால் வழக்கமான அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும். நாடித்துடிப்பு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கல்லீரல் மயக்கத்துக்காக மட்டும் டியூப் போட்டவருக்குப் பல நேரங்களில் மயக்க மருந்தே தேவைப்படாது. அவர் ஏற்கெனவே மயக்கத்தில்தான் இருக்கிறார்.

விதிவிலக்குகள் இரண்டு. குடியை நிறுத்திய சில நாட்களில் நடுக்கமும் பிதற்றலும் வருபவருக்கு மிடசோலத்தின் இனமான பென்சோடயசெபைன் வகை மருந்து தேவை. அப்போதும் மிடசோலத்தைத் தொடர்ந்து ஓடவிடுவதைவிட, கல்லீரல் கெட்டாலும் ஓரளவு சீராக வெளியேறும் லோரசிபாமைச் சிறு அளவுகளில் கொடுப்பது நல்லது. தயமின் (வைட்டமின் பி1) ஊசியையும் மறக்கக் கூடாது. இன்னொரு விதிவிலக்கு, நன்றாக இருந்த கல்லீரல் சில நாட்களில் செயலிழந்து மூளை வீங்கியவர். அவரைத் தினமும் எழுப்பிப் பார்க்கும் விதியை ஓரமாக வைக்க வேண்டும். இருமலும் முக்கலும் மூளைக்குள் அழுத்தத்தை ஏற்றும். அவருக்கு மயக்க மருந்து தொடர வேண்டும். தலை 30 டிகிரியில், கழுத்து நேராக, எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும். டியூபைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டக் கூடாது. சளியைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷனை மணிக்கணக்குப்படி செய்யாமல் சளியின் சத்தம் கேட்கும்போது மட்டும், முன்னதாகச் சிறிது மருந்து கொடுத்துச் செய்ய வேண்டும். இரண்டு வகை நோயாளிகளும் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தாலும் சுவரில் இருப்பது ஒரே பட்டியல் என்பதுதான் சிக்கல்.

டியூபை எப்போது எடுப்பது என்பதில் நம்மிடம் தேவையற்ற தயக்கம் இருக்கிறது. கல்லீரல் மயக்கத்துக்காக டியூப் போட்டவரின் நுரையீரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நாள், கிழமை, முதலமைச்சர் பெயரெல்லாம் சரியாகச் சொல்லும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கண்ணைத் திறந்து ஆளைப் பின்தொடர்கிறார், சக்‌ஷன் செய்யும்போது பலமாக இருமுகிறார், சளி குறைவாக இருக்கிறது, வென்டிலேட்டர் உதவியைக் குறைத்துத் தானே மூச்சுவிட வைக்கும் 30 நிமிட மூச்சுச் சோதனையில் தேறுகிறார் என்றால் எடுத்துவிடலாம். ரத்த வாந்திக்காக எண்டோஸ்கோபி செய்ய டியூப் போட்டவரைப் பற்றி, கல்லீரல் ரத்தக்குழாய் அழுத்தம் பற்றி வல்லுநர்கள் கூடி எழுதி 2022-இல் வெளிவந்த பவேனோ ஏழாவது கருத்தொருமிப்பு தெளிவாகவே சொல்கிறது: நினைவு தடுமாறியவருக்கும், ரத்தம் வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பவருக்கும் எண்டோஸ்கோபிக்கு முன் டியூப் போடு, முடிந்ததும் கூடிய சீக்கிரம் எடு. இரவு பத்து மணிக்கு பேண்டு போட்டு (கசியும் ரத்தக்குழாயை ரப்பர் வளையத்தால் இறுக்கி) முடித்தவரை, "காலையில் ரவுண்ட்ஸில் பார்க்கலாம்" என்று விடுவதால், 48 மணி நேரக் கணக்கில் ஒரு இரவு வீணாகக் கழிகிறது.

அடுத்தது தலைப்பக்கம். 30 முதல் 45 டிகிரி என்பது எல்லோரும் அறிந்த எண். பார்சிலோனாவில் 86 நோயாளிகளிடம் நடந்து 1999-இல் வெளிவந்த ஆய்வில், மட்டமாகப் படுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும், 45 டிகிரியில் சாய்ந்திருந்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் நிமோனியா சந்தேகிக்கப்பட்டது. பிற்காலத்து ஆய்வுகளில் 45 டிகிரியை நாள் முழுக்கக் காக்கவே முடியவில்லை என்பதும் தெரிந்தது. வயிறு நிறைய நீர் இருப்பவரிடம் இன்னொரு தொல்லை உண்டு. கட்டிலின் மேல்பாதியை மட்டும் தூக்கினால் அவர் மெல்லச் சரிந்து இறங்குவார். அப்போது கட்டில் மடியும் இடம் இடுப்புக்கு நேராக இல்லாமல் வயிற்றுக்கு நேராக வந்துவிடும். வயிறு மடிந்து அழுத்தம் கூடும். இரைப்பையில் இருப்பது மேலே வரும். எதைத் தடுக்க உயர்த்தினோமோ அதுவே நடக்கும். சரி செய்வது எளிது. உயர்த்துவதற்கு முன் நோயாளியை மேலே இழுத்து, இடுப்பு மூட்டைக் கட்டிலின் மடிப்புக்கு நேராக வைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே தலையணை கொடுக்க வேண்டும். வயிறு மிகவும் இறுகியிருந்தால், கட்டிலை மடிக்காமல் முழுக்கட்டிலையும் கால்பக்கம் தாழ்த்திச் சாய்க்க வேண்டும். பக்கம் திருப்பிய ஒவ்வொரு முறையும் இதைப் பார்க்க வேண்டும். கண்ணளவு எப்போதும் ஏமாற்றும். கட்டிலின் பக்கக் கம்பியில் இருக்கும் கோணக் குறியைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே, ஸ்கேன், உடம்பு துடைத்தல் எதற்காகவும் மட்டமாகப் படுக்க வைத்தால், முதலில் உணவு ஓடுவதை நிறுத்தி, வாயைச் சக்‌ஷன் செய்ய வேண்டும்.

வயிறு கல்லாக இறுகியிருக்கும்போது எந்தக் கோணமும் போதாது; நீரை எடுக்க வேண்டும். சிறுநீர்ப்பைக் குழாய் வழியாக வயிற்று அழுத்தத்தை அளக்கலாம். அது 12 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தொட்டாலே அதிகம். இறுகிய வயிற்றோடு மூச்சுச் சோதனை வைத்துவிட்டு, "தேறவில்லை" என்று இன்னும் இரண்டு நாள் வென்டிலேட்டரில் போடுவது நியாயமில்லை. சோதனைக்கு முன்பே நீரை எடுத்துவிட வேண்டும். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஈடாகக் கொடுக்க வேண்டும். 20 சதவீத அல்புமின் 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கிறது. 5 லிட்டருக்கு இரண்டு பாட்டில் என்று வைத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் தாழ்ந்து, அதை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தில் இருப்பவரிடம் ஒரேயடியாக எடுக்காமல் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் குழாயை எடுத்துவிட வேண்டும். நாட்கணக்கில் விட்டால் வயிற்றில் தொற்று வரும். மார்பில் சேரும் நீருக்கும் இதே முறைதான். ஊசியால் எடுக்கலாம், நெஞ்சுக்குழாய் போட்டு விட்டால் நீரும் புரதமும் ஓயாமல் வடிந்து சிறுநீரகம் படுத்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரத்தத்தில் அல்புமின் அளவு ஏறும் வரை அதைத் தினமும் ஏற்றிக்கொண்டே போவதால் பலனில்லை, நுரையீரலில் நீர் கோப்பதுதான் கூடியது என்று பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரகத்துக்காகக் கொடுக்கும் டெர்லிபிரசினும் மூச்சுத் திணறலை உண்டாக்கும் என்பது அதே ஆண்டு வெளியான இன்னொரு பெரிய ஆய்வில் தெளிவானது. ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இருப்பவருக்கு அதைத் தொடங்கக் கூடாது. டியூப் போடாமல் தப்பித்திருக்கக்கூடியவரை டியூபுக்குக் கொண்டு சேர்ப்பவை இவை.

ரத்த வாந்தி பட்டியலிலேயே இல்லை. எண்டோஸ்கோபி அறையில் சக்‌ஷன் இரண்டு வேண்டும்: ஒன்று எண்டோஸ்கோப்புக்கு, இன்னொன்று வாய்க்கு. ஒரே சக்‌ஷனை மாற்றி மாற்றிப் பொருத்தும் இடத்தில்தான் ரத்தம் உள்ளே இறங்குகிறது. எண்டோஸ்கோபிக்கு 30 முதல் 120 நிமிடங்களுக்கு முன் எரித்ரோமைசின் 250 மில்லிகிராம் நரம்பு வழியாகக் கொடுத்தால் இரைப்பை காலியாகும். அதற்கு முன் இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி (இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மின்னளவில் மீள எடுக்கும் நேரம்) நீண்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக் நாளுக்கு 1 கிராம், வந்து சேர்ந்தவுடனே தொடங்கி அதிகபட்சம் 7 நாள். ஹீமோகுளோபினை 7 முதல் 8 வரை வைத்திருந்தால் போதும். பத்துக்கு ஏற்ற வேண்டும் என்று ரத்தம் ஏற்றிக்கொண்டே போனால் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடி மறுபடி கசியும், மறுபடி வாந்தி. ரத்தப்போக்கை நிறுத்த உணவுக்குழாய் பலூன் போட்டிருந்தால் அதற்கு மேலே எச்சில் இறங்க வழியின்றித் தேங்கும். அந்த நோயாளிக்கு மூச்சுக்குழாய் டியூப் கட்டாயம் வேண்டும். பலூனுக்கு மேல் சக்‌ஷன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் அதை விடக் கூடாது. மறுநாள் எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைப் படலம் உள்ளே போன ரத்தமாகவும் இருக்கலாம். அதைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக்கை மெரோபெனத்துக்கு மாற்றிவிட வேண்டியதில்லை.

மலத்தை இளக்கிக் கல்லீரல் மயக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப்பும் இதே கதைதான். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் போனால் போதும். ஆறு, எட்டு முறை போகும் வரை ஊற்றினால் வயிறு உப்பும், உடம்பு வறளும், சோடியம் ஏறும், மயக்கம் இன்னும் கூடும். வயிறு அசையாமல் உப்பிக் கிடப்பவருக்கு மேல்வழியாகக் கொடுக்காமல், 300 மில்லி லாக்டுலோஸை 700 மில்லி தண்ணீரில் கலந்து ஆசனவாய் வழியாகக் கொடுத்துச் சிறிது நேரம் தங்கவைக்க வேண்டும். டியூப் இன்னும் போடாமல் அரைமயக்கத்தில் இருப்பவரின் வாயில் வார்டிலோ வீட்டிலோ கரண்டியால் சிரப் ஊற்றுவது மிகவும் ஆபத்து. ஐ.சி.யூ.வுக்கு வரும்போதே நிமோனியாவோடு வருபவர்களில் சிலருக்குக் காரணம் அதுதான்.

வயிற்றுப் புண் வராமல் கொடுக்கும் கேஸ் மாத்திரை பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது நிமோனியாவைக் கூட்டும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். 2024-இல் வெளியான, 4,800-க்கும் மேற்பட்ட வென்டிலேட்டர் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் பான்டோப்ரசோல் என்ற அந்த வகை மருந்து கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் நிமோனியாவில் வேறுபாடு இல்லை. இரைப்பை ரத்தப்போக்கு 3.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது. ஆக, டியூப் இருக்கும் நாட்களில் கொடுப்பதில் தவறில்லை. கல்லீரல் நோயாளியிடம் கேள்வி வேறு: டியூபை எடுத்த பிறகும், டிஸ்சார்ஜ் சீட்டிலும், அடுத்த ஆறு மாதத்திலும் அது ஏன் தொடர்கிறது? அமிலம் இல்லாத இரைப்பையில் குடல் கிருமிகள் மேலேறும்; வயிற்று நீரில் தொற்றும் கல்லீரல் மயக்கமும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. பவேனோ கருத்தொருமிப்பும், எண்டோஸ்கோபிக்கு முன் தொடங்கியதைத் தக்க காரணம் இல்லாவிட்டால் முடிந்தவுடன் நிறுத்து என்கிறது. காலில் ரத்தம் உறையாமல் போடும் ஊசியைப் பற்றி ஒரே வரி: ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் ஏறியிருப்பதால் ரத்தம் உறையாது என்று எண்ண வேண்டாம், எல்லோருக்கும் போடவும் வேண்டாம். ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

வாய்ப் பராமரிப்பில் குளோர்ஹெக்சிடினை விட்டுவிடலாம். 2022-இல் அமெரிக்கத் தொற்றுத்தடுப்பு அமைப்புகள் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல் அதைக் கைவிட்டு, பல் துலக்குவதை மட்டும் வைத்துக்கொண்டது. மருந்தால் இறப்பு கூடியிருக்கலாம் என்ற ஐயமே காரணம். நம் ஊரில் கல்லீரல் நோயாளிக்குப் பல் துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். "பிளேட்லெட் முப்பதாயிரம், ஈறில் ரத்தம் வருகிறது" என்பார்கள். துலக்காத வாயில் ரத்தமும் எச்சிலும் உறைந்து கிருமிக்கு நல்ல உணவாகிவிடும். ஈறு இன்னும் வீங்கி இன்னும் கசியும். குழந்தைகளுக்கான மிக மென்மையான சிறு பிரஷ் போதும். தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா, கஃப் அழுத்தம் சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். வாயைச் சக்‌ஷன் செய்ய வேண்டும். பிரஷை ஸ்டெரைல் தண்ணீரில் நனைத்து, பல்லும் ஈறும் சேரும் இடத்தில் அழுத்தாமல் சிறு வட்டமாக, மேலும் கீழும் உள்ளும் வெளியும், இரண்டு நிமிடம். மறு கையில் சக்‌ஷன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாக்கையும் துடைக்க வேண்டும். டியூபை வாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றிக் கட்டி, உதட்டில் வாசலின் தடவ வேண்டும். இதை நாளுக்கு இரண்டு மூன்று முறை, இருவர் சேர்ந்து செய்ய வேண்டும். நிற்காமல் ரத்தம் வரும் ஒரு பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து, மற்றப் பக்கங்களைத் துலக்கலாம்.

கஃப் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர். 20-க்குக் கீழே போனால் கசியும். 30-க்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் சவ்வுக்கு ரத்தம் போகாமல் புண்ணாகும். எளிதில் ரத்தம் கசியும் இவர்களிடம் அந்தப் புண் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே தொங்கும் சிறு பலூனை விரலால் அழுத்திப் பார்த்து "சரியா இருக்கு" என்பது அளவே அல்ல. ஷிஃப்டுக்கு ஒருமுறை, திருப்பிய பின், வெளியே கொண்டு போய் வந்த பின், கருவி வைத்து அளக்க வேண்டும். கருவியை மாட்டும்போதே கொஞ்சம் காற்று அதற்குள் போய்விடும் என்பதால், அளந்து முடிக்கும்போது முள் 25-க்கு அருகே நிற்கும்படி நிரப்பிவிட்டுக் கழற்ற வேண்டும்.

கஃபுக்கு மேலே தேங்கும் குட்டையை உறிஞ்ச தனித் துளை உள்ள டியூப்கள் கிடைக்கின்றன. 13 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான கணக்கில் நிமோனியா ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் டியூப் இருக்கும் என்று தெரிந்தவருக்கு, முதலிலேயே இதைப் போட வேண்டும். சாதா டியூபைப் போட்டுவிட்டுப் பிறகு மாற்றுவது புதிய ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லி சிரிஞ்சால் மெதுவாக இழுக்கலாம். எதுவும் வராவிட்டால் துளை அடைத்திருக்கும். இரண்டு மூன்று மில்லி காற்றைத் தள்ளிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். ரத்தமாக வந்தால் சவ்வு உறிஞ்சப்படுகிறது என்று பொருள். வேகத்தைக் குறைக்க வேண்டும். விலை கூடுதல் என்பது உண்மை. ஒரு நிமோனியாவுக்கு ஆகும் ஆன்டிபயாடிக் செலவோடு ஒப்பிட்டால் அந்த வேறுபாடு ஒன்றுமில்லை.

வென்டிலேட்டரின் குழாய்களை வாரம் ஒருமுறை மாற்றும் வழக்கம் வேண்டாம். அழுக்கானால், பழுதானால் மட்டும் மாற்றலாம். குழாயில் சேரும் நீரை நோயாளியைத் திருப்புவதற்கு முன்பே வெளியேற்ற வேண்டும். சக்‌ஷன் கதீட்டரைக் கழுவி மறுபடி பயன்படுத்துவதும், நெபுலைசர் கிண்ணத்தைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதும் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. அப்படி நடக்கும் இடத்தில் மேலே சொன்ன எதைச் செய்தும் பயனில்லை.

உணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலை என்றாலே பத்தியம் என்பது நம் ஊர் வழக்கம். பருப்பு, முட்டை, பால் எல்லாம் நின்று கஞ்சித் தண்ணீரும் இளநீரும் மட்டும் மிஞ்சும். ஐ.சி.யூ.விலும் சிலர், "மயக்கத்தில் இருக்கிறார், புரதத்தைக் குறை" என்கிறார்கள். அது பழைய பாடம். வயிற்று நீரின் எடையைக் கழித்த உடல் எடைக்கு, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். குறைத்தால் தசை கரையும். உதரவிதானமும் இருமலுக்கு வேண்டிய வயிற்றுச் சுவரும் தசைதான். தசையே அமோனியாவின் ஒரு பகுதியை உறிஞ்சி அழிக்கிறது என்பதால் மயக்கமும் கூடும். ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்தபின், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மூக்குக்குழாய் வழியாக மணிக்கு 20 மில்லி என்று தொடங்கி ஏற்றலாம். உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய்கள் இருப்பது மட்டுமே மூக்குக்குழாய்க்குத் தடையாகாது. பேண்டு போட்ட உடனே என்றால் எப்போது போடலாம் என்பதை எண்டோஸ்கோபி செய்தவர் சொல்வார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சால் இழுத்து இரைப்பையில் தங்கிய மீதியை அளந்து, உணவை நிறுத்தும் சடங்கு தேவையில்லை. அளக்காமல் விட்டவர்களுக்கு நிமோனியா கூடவில்லை என்று பிரான்ஸில் 2013-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. வாந்தி, வயிறு உப்புதல் இரண்டையும் கவனித்தால் போதும். வீட்டிலிருந்து வரும் கஞ்சியைப் பையில் ஊற்றித் தொங்கவிட்டால், நம் வெயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் அது கெட்ட உணவு.

இவ்வளவு செய்தும் நிமோனியா வரும். வந்ததைக் கண்டுபிடிப்பதும் இவர்களிடம் கடினம். காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம். மண்ணீரல் வீங்கியவரின் வெள்ளணு எண்ணிக்கை எப்போதுமே குறைவு. 4,000-லிருந்து 9,000 ஆனால் அது ஏற்றம்தான், ரிப்போர்ட்டில் நார்மல் என்று அச்சாகியிருந்தாலும். காரணமின்றி மயக்கம் ஆழமாவது, சிறுநீரகம் சோர்வதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறுவது, நார்அட்ரினலின் தேவை கூடுவது ஆகியவை முதல் அறிகுறிகளாக இருக்கும். ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் டியூப் வழியாகச் சளியை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். நம் ஐ.சி.யூ.க்களில் முன்னணியில் இருக்கும் அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா என்ற கிருமிகள் மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளுக்குப் பெரும்பாலும் மசிவதில்லை. அதனால் "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று போடும் மெரோபெனம் அடுத்த கட்டிலுக்கும் சேர்த்துத்தான் கேடு செய்கிறது. பிரான்ஸில் 2023-இல் வெளியான ஆய்வில், அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் நெபுலைசர் வழியாகக் கொடுத்ததில் நிமோனியா 22 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த மருந்துக்கும் எதிர்ப்பு மலிந்த நம் ஐ.சி.யூ.க்களில், சிறுநீரகம் நூலில் தொங்கும் கல்லீரல் நோயாளியிடம் அதை இப்போதே வழக்கமாக்குவதை நாங்கள் ஏற்கவில்லை. கல்லீரல் மாற்று அறுவைக்குக் காத்திருப்பவருக்கு இந்த நிமோனியா வந்தால், அது அடங்கும் வரை அறுவையும் தள்ளிப்போகும்.

சுகாதாரத் துறையிடமும் மருத்துவமனை நிர்வாகங்களிடமும் நாங்கள் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு ஐ.சி.யூ.விலும் கஃப் அழுத்தம் அளக்கும் கருவி குறைந்தது இரண்டு. கல்லீரல் நோயாளிக்குப் போட, உறிஞ்சும் துளை உள்ள டியூப். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ், இரவிலும். மூன்று பேரைப் பார்க்கும் நர்ஸால் ஒருவருக்குக்கூட இரண்டு நிமிடம் பல் துலக்க முடியாது. பிறகு, கணக்கு. நிமோனியா எண்ணிக்கையை மொத்த வென்டிலேட்டர் நாட்களால் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும். 250 நாட்களில் நான்கு என்றால் ஆயிரத்துக்கு 16. கல்லீரல் நோயாளிகளுக்கு இதைத் தனியே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத வேண்டும். பூஜ்யம் என்று எழுதும் ஐ.சி.யூ.வில், எத்தனை பேரின் சளியைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

உறவினர்கள் செய்யக்கூடியதும் உண்டு. குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். கட்டுப்பல் இருந்தாலும், வெற்றிலை புகையிலையால் ஆடும் பல் இருந்தாலும் சொல்லுங்கள். அது கழன்று உள்ளே போகக்கூடியது. கடைசியாகக் குடித்தது எப்போது, எவ்வளவு, தூக்க மாத்திரை ஏதும் போட்டாரா என்பதை மறைக்காமல் முதல் நாளே சொல்லுங்கள். மயக்க மருந்தின் அளவை முடிவு செய்ய அது வேண்டும். டியூப் எடுத்த அன்று, நர்ஸ் விழுங்க வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை, கேட்டாலும் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களும் செவிலியர்களும்,
சென்னை.